மதில் தாண்டும் புகை

பன்றி இறைச்சியை அன்னாசியில் ஊறப்போடுகிறவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்னாசிச் சாற்றில் புரோமிலெய்ன் என்றொரு நொதியம் உண்டு. இறைச்சியின் புரதத்தை அது அறுத்துக்கொண்டே போகும். அரை மணித்தியாலம் கிடந்தால் இறைச்சி பதமாகும். காலையில் சாற்றை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனால், பின்னேரம் வந்து பார்க்கும்போது கூழாகிக் கிடக்கும். ஆகவே வியாழக்கிழமைகளில் நான் இரண்டு தவணையாக வேலை செய்கிறேன். விடிய எழும்பி, கழுத்துப் பகுதி இறைச்சியை விரல் தடிப்புக்கு வெட்டி, உள்ளி, இஞ்சி, இடித்த மிளகு, கறுவா, அரைத்த கொறுக்காப்புளி, கொஞ்சம் வினாகிரி, உப்பு எல்லாம் பிரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் புறக்கோட்டைக்கு பஸ் ஏறுவேன். கணக்கு வேலை முடித்து ஆறு மணிக்குத் திரும்பியதும் சிரட்டைக் கரியை மூட்டி, அதே கையோடு அன்னாசியை அரைத்து இறைச்சியில் விடுவேன். கரியில் வெள்ளைச் சாம்பல் படிவதற்கும் இறைச்சி பதமாவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். கித்துள் பாணியைக் கடைசியில் பூச வேண்டும்; முதலே பூசினால் கருகிக் கசக்கும். ஏழரைக்குள் சோறும் சுட்ட இறைச்சியும் சுட்ட அன்னாசியும் கோப்பையில் இருக்கும். வேலைக்குப் போய்வருகிற ஒருத்திக்கு இதைவிட இலேசான இராச்சாப்பாடு எனக்குத் தெரியாது.

ஆனால் இது சிலாப்பில், வீட்டின் மொட்டை மாடியில், செய்கிற சமையல். அங்கே கூரை கிடையாது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய லொறி றிம் ஒன்றுதான் என் அடுப்பு. 2022இல் காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் அது வீட்டுக்கு வந்தது. காஸ் கிடைத்த பிறகும் போகவில்லை. கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது ஒரு புகை எழும். பன்றி இறைச்சியின் மணம் முழுவதும் அந்தப் புகையில்தான் இருக்கிறது. அது எங்கே போகிறது என்பதுதான் நான் கனகாலமாக யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

எங்கள் வீடு தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ரயில் எஞ்சின்கள் நிற்கும் ஷெட்டின் சத்தம் இரவில் கேட்கும். கிழக்கு மதிலுக்கு அப்பால் ஒரு முஸ்லிம் குடும்பம். மேற்கே ஒரு சிங்கள பௌத்தக் குடும்பம். நான் கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தின் மணி கேட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பெண். கணவர் சைவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிற மாமி பிறந்ததிலிருந்தே மரக்கறிதான். வியாழக்கிழமை என்று நான் சொன்னதற்குக் காரணமும் இதுதான். செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு. மாமிக்கும் அது விரத நாள். வெள்ளியில் எங்கள் இரண்டு பக்கத்துக்கும் இறைச்சி இல்லை. போயா தினத்தில் நாடு முழுக்க இறைச்சிக் கடைகள் பூட்டு. ஞாயிறு அக்கா வீடு. மிஞ்சுகிற நாள்களில் எனக்குத் தோதானது வியாழன்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்குக் காற்று. அந்த மாதங்களில் என் புகை நேரே கிழக்கு மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு உம்மா உடுப்புக் காயப்போடுகிற கொடிக்குப் போகும். மார்கழி, தையில் காற்றுத் திரும்பினால் மற்றப் பக்கம்.

உம்மா ஒருநாளும் முறைப்பட்டதில்லை. நோன்பு காலத்தில் கஞ்சி வரும், பெருநாளுக்குப் புரியாணி வரும், இடையில் வட்டிலப்பம் வரும். ஒருமுறை பின்னேரம் மதிலுக்கு மேலால் கோப்பையை நீட்டிக்கொண்டே, ஏன் தருகிறேன் தெரியுமா என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அயலவரை நினைத்துக்கொள் என்பது நபிகளின் சொல். அது ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. இன்னொரு அறிவிப்பில் இதைவிடக் கூர்மையான ஒரு கட்டளை இருக்கிறதாம்: உன் சட்டியின் மணத்தால் அயலவரை வருத்தாதே, வருத்தினால் அதில் ஓர் அகப்பை அவருக்கும் கொடு. இந்த இரண்டாவதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் சொல்வார்கள். உம்மாவுக்கு அதுவும் தெரியும். "ஸனது லேசா இருந்தாலும் ஞாயம் சரிதானே மகள்" என்றார்.

அன்றிலிருந்து அந்த அறிவிப்பு என்னோடு இருக்கிறது. மணமும் பங்கும் சேர்ந்து போக வேண்டும் என்கிறது அது. மணம் மதிலைத் தாண்டினால் கோப்பையும் தாண்ட வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாச் சமையலுக்கும் எனக்கு இந்த விதி பொருந்தும், ஒன்றைத் தவிர. பன்றி இறைச்சியின் மணத்தை நான் உம்மா வீட்டுக்கு அனுப்பலாம். பங்கை அனுப்ப முடியாது. கொடுக்க முடியாத ஒன்றின் மணத்தால் அயலவரை எட்டுகிறவள், அந்தக் கடனை எப்படித் தீர்ப்பாள்? என் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தட்டிக்கழிக்கப் பலர் வழி சொல்கிறார்கள். பன்றி விலக்கு பழைய காலத்துச் சுகாதார விதி. புழு வரும் என்பதால் வந்தது. இன்று இறைச்சியின் நடுப்பகுதி 63 பாகை செல்சியசுக்குச் சூடேறி மூன்று நிமிடம் இருந்தால் போதும், பிறகு என்ன பயம் என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத ஞானியும் மருத்துவருமான மைமோனிடெஸ்கூட, பன்றி அழுக்கை உண்பது, அதை அனுமதித்தால் தெருவும் வீடும் நாறும் என்றுதான் விளக்கினார். 1966இல் மேரி டக்ளஸ் என்ற மானிடவியலாளர் வேறு விதமாகச் சொன்னார்: குளம்பு பிளந்த மிருகம் அசைபோட வேண்டும் என்பது லேவியராகமத்தின் ஒழுங்கு, பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, ஆனால் அசைபோடாது, எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காததால் அது விலக்கப்பட்டது. இவை படிக்கச் சுவையான விளக்கங்கள். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டளை கரைந்துபோகும் என்று நினைப்பது, கீழ்ப்படிகிறவரின் மனத்தை அறியாதவர்களின் நினைப்பு. உம்மா புழுவுக்குப் பயந்து பன்றியை விலக்கவில்லை. இறைவன் சொன்னான், அவர் கேட்கிறார். பட்டினியால் உயிர் போகும் நிலையில் பாவமில்லை என்று அதே குர்ஆன் இடம் விட்டிருக்கிறது. ஆகவே பன்றியை உயிரைவிடப் பெரிய விஷயமாக அது ஆக்கவில்லை. கீழ்ப்படிதலுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒருநாள் நானே நேராகக் கேட்டேன். "மணம் வந்தா ஒண்டுமில்ல மகள், தின்றதுதான் ஹராம்" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, "ஆனா வவுத்தப் பொரட்டுது, அத நான் என்ன செய்ய?" என்றார்.

மார்க்கத் தீர்ப்பு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். வேத நூல்களை வைத்து வாதம் செய்கிறவர்கள் இந்த வயிற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அருவருப்பு என்பது ஐம்பது அறுபது வருடக் கீழ்ப்படிதல் உடம்பில் ஊறியது. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் பக்கத்து வேதத்திலும் இந்தக் கேள்வி ஒரு மொட்டை மாடியில்தான் வருகிறது. அப்போஸ்தலர் பணியில் பேதுரு யோப்பா ஊரில், தோல் பதனிடும் சீமோன் வீட்டு மேல்தளத்தில், நடுப்பகலில் பசியோடு செபம் செய்கிறார். வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்குகிறது. அதில் எல்லா வகை மிருகங்களும். கொன்று சாப்பிடு என்று குரல் கேட்கிறது. யூதரான பேதுரு மறுக்கிறார். மூன்று தரம் இது நடக்கிறது. பன்றி சாப்பிடலாம் என்று கிறிஸ்தவர்களுக்கு அனுமதி கிடைத்த இடம் என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். முழு அதிகாரத்தையும் வாசித்தால் வேறொன்று தெரியும். பேதுரு அன்று பன்றி சாப்பிட்டதாக ஒரு சொல்லும் இல்லை. விரிப்பு மேலே போகும்போது கீழே வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கொர்னேலியு என்ற உரோமைப் படைத் தலைவர் அனுப்பியவர்கள், யூதர் அல்லாதவர்கள். பேதுரு அவர்களை உள்ளே கூப்பிட்டு இரவு தங்க வைக்கிறார். அடுத்த நாள் அவர்களோடு கொர்னேலியுவின் வீட்டுக்குப் போகிறார். அந்தக் காட்சியின் பலன் சாப்பாட்டில் விளையவில்லை, வாசற்படியில் விளைந்தது. அந்த அதிகாரத்தைக் காட்டி அயலவரின் வாசலை மூடுகிறவர் அதைத் தலைகீழாக வாசிக்கிறார்.

பவுல் இன்னும் தூரம் போகிறார். என் உணவு சகோதரனுக்கு இடறலாக இருந்தால் நான் இறைச்சியே உண்ணமாட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் விலகி நிற்கிற அந்தச் சகோதரனை அவர் மனச்சான்றில் பலவீனன் என்று வைத்துப் பேசுகிறார். அது எனக்கு ஒப்பவில்லை. கிழக்கு மதிலுக்கு அப்பால் இருக்கிற மனச்சான்றில் பலவீனம் எதையும் நான் கண்டதில்லை.

தமிழில் இந்தக் கேள்வியை ஆழமாகக் கேட்ட கதை கண்ணப்பருடையது. மாமி எனக்குச் சொன்னது. பிறகு நானே படித்தேன். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற சமையலைக் கவனியுங்கள். பதினாறு வயது வேடன் திண்ணன்; பிறகு கண்ணப்பர் ஆனவன் அவன்தான். வலையறுத்து ஓடிய பன்றியைக் கூட்டாளிகளான நாணனோடும் காடனோடும் துரத்திப் போய் வெட்டி வீழ்த்துகிறான். பொன்முகலி ஆற்றங்கரையில் காடன் தீ மூட்டுகிறான். காளத்தி மலையில் குடுமித் தேவரைக் கண்ட திண்ணன், சாமிக்குப் பசிக்கும் என்று கீழே ஓடி வந்து, இறைச்சியை அம்பில் கோத்துத் தீயில் வாட்டுகிறான். ஒவ்வொரு துண்டையும் வாயில் வைத்துப் பதம் பார்க்கிறான். நல்லதை மட்டும் தேக்கிலைக் கல்லையில் சேர்க்கிறான். பின்வந்த நாள்களில் அதில் தேனும் கலக்கிறான். தீயில் சுட்ட இறைச்சியோடு இனிப்பைச் சேர்க்கிற கை தமிழ் நிலத்துக்குப் புதிதில்லை. போர்த்துக்கேயர் 1505இல் கொழும்புக்கு வருவதற்கு முன்பே, அன்னாசி அமெரிக்காவிலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, அது நம்முடைய பக்தி இலக்கியத்தில் இருக்கிறது.

இந்தக் கதையை எல்லோரும் திண்ணனின் பக்கத்திலிருந்து சொல்வார்கள். அன்பு இருந்தால் எச்சில் இறைச்சியும் அமுதம் என்று முடிப்பார்கள். மாமி சொன்னபோது என் மனம் போனது சிவகோசரியாரிடம். அவர் ஆகம முறைப்படி தினமும் பூசை செய்கிறவர். விடிய வந்து பார்த்தால் சன்னிதியில் இறைச்சியும் எலும்பும். பதைபதைத்து அழுகிறார். எல்லாவற்றையும் அகற்றி, குளித்து, பரிகாரம் செய்து, திரும்பவும் பூசை செய்கிறார். அடுத்த நாள் மறுபடியும் இறைச்சி. ஆறு நாள் கதை அது. அவருக்கும் வயிற்றைப் புரட்டியிருக்கும்.

இறைவன் என்ன செய்தார்? திண்ணனை நிறுத்தச் சொல்லவில்லை. சிவகோசரியாரிடம் உன் அருவருப்பு மூடத்தனம் என்றும் சொல்லவில்லை. கனவில் வந்து, நாளை மறைந்து நின்று பார் என்றார். அவரும் பார்த்தார். சாமியின் கண்ணில் இரத்தம் வர, வேடன் தன் கண்ணை அம்பால் தோண்டி அப்பியதைப் பார்த்தார். சிவகோசரியார் அதற்குப் பிறகு இறைச்சி படைத்தார் என்று கதை சொல்லவில்லை. அவர் தன் பூசை முறைக்கே திரும்பியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அருவருப்பு போகாது, அந்த இறைச்சியைக் கொண்டுவந்தவன் யார் என்பது மட்டும் இப்போது தெரியும். ஒரே சன்னிதியில் இரண்டு பேர் வழிபட அது போதுமாக இருந்தது.

ஆறுமுக நாவலரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. புலால் உண்பதை அவர்போல் கடிந்து எழுதியவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவரே 1852இல் பெரியபுராணத்தை வசனமாக எழுதி, கண்ணப்பரின் கதையையும் ஊர் வாசிக்கக் கொடுத்தார். அதற்கு முன்பு பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவரும் அவர்தான். லேவியராகமத்தின் விலக்கும் காளத்தி மலையின் படையலும் அவர் மேசைக்கு வந்திருக்கின்றன. தனக்கு உடன்பாடில்லாத உணவையுடைய ஓர் அடியாரைத் தன் கையாலேயே வணக்கத்தோடு எழுதிவைத்த அந்த மனிதரை நான் மதிக்கிறேன்.

மேற்கு மதிலின் கதை வேறு. அங்கே பன்றி இறைச்சி விலக்கில்லை. போயாவிலும் வெசாக் காலத்திலும் மட்டும் அடுப்பு சைவமாகும். பௌத்த நூல்களில் புத்தரின் கடைசி உணவே இந்த விவாதத்துக்குள் கிடக்கிறது. பாவா நகரத்துக் கொல்லன் சுந்தன் படைத்த ஒரு பண்டத்தை உண்ட பிறகு புத்தர் கடுமையாக நோயுற்றார். அது மென்மையான பன்றி இறைச்சி என்றும், பன்றி மிதித்த நிலத்தில் முளைத்த குருத்தோ காளானோ என்றும் பாளி உரைகளிலேயே பல கருத்துகள் உண்டு. அந்த விவாதத்தை அறிஞர்கள் நடத்தட்டும். எனக்கு முக்கியமானது அதன் பின் நடந்தது. மிச்சத்தைப் புதைத்துவிடு, வேறு யாருக்கும் பரிமாறாதே என்று சுந்தனிடம் அவர் சொன்னார். கடைசி நேரத்தில் ஆனந்தரைக் கூப்பிட்டு, உன் உணவால்தான் அவர் போனார் என்று யாரும் சுந்தனை வருத்தக்கூடாது, ஞானம் அடையுமுன் கிடைத்த உணவுக்கும் இந்த உணவுக்கும் புண்ணியம் ஒன்றே என்று அவனிடம் சொல் என்றார். கொடுத்தவனின் மனம் நோகக்கூடாது. அந்த உணவு மற்றவரை எட்டவும் கூடாது. சாகக் கிடக்கும்போது இரண்டையும் ஒன்றாக நினைத்த கவனம் அது.

பன்றியின் பக்கத்திலிருந்து கேட்கிற கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைக் கேட்பவர் மாமி. "எனக்கு மணம் இல்லைப் பிரச்சினை, பிள்ளை. அது கத்தியிருக்கும் எல்லே?" என்று ஒருதரம் சொன்னார். வென்னப்புவ, ஜா-எல பக்கத்துக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலிருந்துதான் கொழும்புக்கு இந்த இறைச்சி பெரும்பாலும் வருகிறது. எங்கள் தெமட்டகொடையிலேயே மாநகர சபையின் மடுவம் இயங்கி வந்தது; கொலை எங்கோ தூரத்தில் நடக்கிறது என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. பௌத்தத் துறவிகளுக்கு, தமக்காகக் கொன்றதாகக் காணாத, கேளாத, சந்தேகியாத இறைச்சி ஏற்கத்தக்கது என்று ஜீவக சூத்திரம் இடம் கொடுக்கிறது. திருவள்ளுவர் புலால் மறுத்தலில் அந்த வாசலையும் அடைத்துவிட்டார்: வாங்குகிறவர் இல்லையென்றால் விற்கிறவர் இருக்கமாட்டார் என்பது அவர் வாதம். கடையில் காசை நீட்டுகிற எனக்கு அந்தக் குறள் நேராகவே சொல்லப்பட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கிறது என்று பாசாங்கு செய்யவும் மாட்டேன். மாமிக்கு முன்னால் நான் சாப்பாட்டுக்கு நியாயம் பேசுவதில்லை. அவருடைய அன்னாசித் துண்டுகள் வேறு கம்பி வலையில், இறைச்சி நெருப்புக்குப் போகுமுன் சுடப்பட்டு அவர் கோப்பைக்குப் போய்விடும்.

அக்காவுக்கு இதெல்லாம் கோபம். அவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். "உன்ர வீட்டுச் சிலாப்பில நீ சமைக்கிறதுக்கு ஏன் காத்தப் பாக்கிறாய்? அவங்க உனக்காக எதக் குறைச்சவங்க?" என்று கேட்பார். அவர் கோபத்துக்குப் பின்னால் 2019 இருக்கிறது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்று பிற்பகல் எங்கள் தெமட்டகொடையில், மஹவில கார்டின்ஸில், பொலிசார் தேடப்போன வீட்டிலும் குண்டு வெடித்து மூன்று பொலிசார் இறந்தார்கள். ஊரடங்குக்கு முன்னால் உம்மா மதிலடிக்கு வந்து, "ஒங்கட ஆக்கள் எல்லாரும் சொகமா மகள்?" என்று கேட்டபோது அவர் கை நடுங்கியது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில், பன்றி இறைச்சி சாப்பிடுவதே முஸ்லிம்களுக்குக் கொடுக்கிற பதில் என்று எங்கள் ஆட்களில் சிலர் பேசக் கேட்டேன். ஒரு நேரச் சாப்பாட்டை ஒருவன் முகத்தில் எறிவதற்கென்று சமைத்தால் அது சாப்பாடாக இருக்காது. கண்ணப்பரின் கல்லையில் இருந்த அதே இறைச்சிதான். ஆனால் எந்தச் சாமியும் அதை ஏற்காது.

அக்காவின் கேள்வியில் ஒரு பாதி சரி. காற்றைப் பார்த்துச் சமைப்பது நானாகச் செய்கிற ஒன்று. அதையே யாராவது சட்டமாக்கினால் நான் முதல் ஆளாகச் சிலாப்பில் ஏறி நெருப்பு மூட்டுவேன். எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். 1966இலிருந்து 1971 வரை ஞாயிறு வேலைநாளாகி, போயா நாள்கள் வார விடுமுறையாக இருந்த காலத்தை அவர் அடிக்கடி சொல்வார். விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு ஓட்டமாக வேலைக்குப் போவாராம். ஒருவர் பக்திக்காக மற்றவரின் ஓய்வுநாளை அரசு எடுத்துக்கொண்டது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 2013இல் அதே தவறு வேறு திசையில் நடந்தது. ஹலால் முத்திரைக்கு எதிராகக் கூச்சல் போட்டு, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ப் பொருள்களில் அதைக் கைவிடும்வரை நெருக்கினார்கள். பிஸ்கட் பக்கற்றில் இருந்த அந்தச் சின்ன எழுத்து என் நாக்கை எந்த விதத்திலும் தொடவில்லை. தன் உணவைத் தெரிந்து உண்ண உம்மாவுக்கு இருக்கிற உரிமையும், என் உணவைச் சமைக்க எனக்கு இருக்கிற உரிமையும் ஒன்றுதான். இரண்டையும் சட்டம் காக்கட்டும். அயலவருக்காக அதில் எவ்வளவை விட்டுக்கொடுப்பது என்பதை என்னிடம் விடட்டும்.

நான் விட்டுக்கொடுப்பது இவ்வளவுதான். இறைச்சியில் உள்ள வெள்ளைக் கொழுப்பைக் காலையிலேயே நறுக்கி எடுத்துவிடுகிறேன். தணலை றிம்மின் இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கி, நடுவில் தண்ணீர் ஊற்றிய தகரத் தட்டு ஒன்றை வைத்து, அதற்கு மேலே இறைச்சியை வைக்கிறேன். கொழுப்பு நெருப்பில் விழாமல் தண்ணீரில் விழும். புகை பாதிக்குக் கீழே இறங்கும். மேலே வாழையிலை ஒன்றைக் கவிழ்த்தால் இன்னும் குறையும். தென்மேற்குக் காற்று பலமாக இருந்தால் குசினிக்குள்ளேயே இரும்புச் சட்டியில் வாட்டிவிடுவேன். நோன்பு மாதத்தில் சிலாப்பில் நெருப்பே இல்லை. இதையெல்லாம் உம்மாவிடம் நான் அறிவிக்கவில்லை. கொடியில் உடுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

கடனின் மற்றப் பாதிக்கு அன்னாசி உதவுகிறது. முறுசி அன்னாசி இரண்டாக வாங்குவேன். ஒன்றில் கத்தி படுவதற்கு முன்பே, இறைச்சிப் பலகைக்குக் கிட்டப் போகாமலே, கொண்டையோடு முழுசாக மதிலைத் தாண்டிப் போகும். என் சமையலில் உம்மாவால் ஏற்கக்கூடிய பங்கு அதுதான். அந்த அறிவிப்பு கேட்கிற அகப்பைக்கு ஈடாகுமா என்று அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, மாப்பிள்ளைக்குச் சீனி வருத்தம், பாதிப் பழம் போதும் என்றார். வெட்டிய பழம் அனுப்ப என் மனம் வராததால் முழுசாகத்தான் இன்னும் போகிறது. அவர் வெறுங்கையோடு விடுவதில்லை; ஒரு கிழமை முருங்கைக்கீரை, ஒரு கிழமை மாமிக்கென்று நாலு எலுமிச்சை.

போன வியாழன் அக்கா வந்திருந்தார். தண்ணீர்த் தட்டையும் வாழையிலையையும் பார்த்துத் தலையை ஆட்டினார். புகை குறைந்தால் ருசியும் குறையும் என்றார். அது உண்மை. கொழுப்பு தணலில் விழுந்து எழுகிற அந்த ருசியை வேறு எதுவும் தராது. நான் மிளகைக் கூட்டியிருந்தேன். அன்னாசியை ஓரம் கறுக்கும்வரை விட்டு, பாணியை இரண்டு தரம் பூசியிருந்தேன். அக்கா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார், வாதத்தை மட்டும் விடவில்லை. கை கழுவிய பிறகும் குசினி வாசலில் நின்று, "எண்டாலும் அது உன்ர சிலாப்" என்றார். மாமி உள்ளே இருந்து, "அது சரி பிள்ளை, ஆனால் காத்து இவளின்ர இல்லையே" என்றார். இரண்டு பேரும் அதிலிருந்து சிவகோசரியாருக்குப் போய், அங்கிருந்து அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போய், பத்து மணிவரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் றிம்மில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து கோப்பைகளைக் கழுவினேன்.